மூட்டைதூக்கி வேடம்

காட்டுக் குளத்தருகே புளியமரத்தடியில் முள்ளம்பன்றி கதை ஆட்டம் நடத்தி வந்தது. அது கதை சொல்லும். நரியும் குரங்கும் ஆளுக்கொரு வேடம் எடுத்து, "நான் இதைச் செய்கிறேன்!" என்னும். செய்தது பலித்ததா என்பதை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்த புளியங்கொட்டைகள் முடிவு செய்யும். ஆளுக்கு நாலு கொட்டை. ஒன்றாவது வெள்ளையாக விழுந்தால் பிழைத்தார்கள்.

ஒரு நாள் முயல் வந்தது. பிறந்ததிலிருந்து ஓடி ஓடி அலுத்துப்போன முயல்.

"அண்ணே, நான் படைத்தலைவனா இருக்கேன்! ஒரு தடவையாவது ஓடாம நின்னு பார்க்கணும்!"

"நேத்து வந்தவனுக்குப் படைத்தலைவன் கேக்குதா?" என்றது முள்ளம்பன்றி. "புதுசா வந்தா மூட்டைதூக்கிதான்! மூட்டைதூக்கிக்கு ஒரே கொட்டை! போடு!"

கறுப்பு விழுந்தது.

"பள்ளத்துல விழுந்து செத்துட்டே! ஓரமா உட்காரு!"

நரியும் குரங்கும் வயிறு வலிக்கச் சிரித்தன. அவை கோட்டை பிடிப்பதை முயல் மாலைவரை வேடிக்கை பார்த்தது. கோடை முழுக்க இதே கதைதான். இதற்கு விதிமுறை என்று பெயர் வேறு!

"நான் நடத்தினா யாரையும் இப்படி உட்கார வைக்க மாட்டேன்!" என்று முயல் தனியாகப் போய் அழுதது.

மழைக்காலத்தில் முள்ளம்பன்றி மலைக்குக் குடிபோனது. கதை சொல்லும் வேலையும் கொட்டைகளும் முயலின் கைக்கு வந்தன. அன்றே குளத்திலிருந்து ஓர் ஆமை மெல்ல ஏறி வந்தது.

"அண்ணே, நான் பறக்கிறவனா இருக்கட்டுமா?"

முயல் சரி என்று சொல்ல வாயெடுத்தது. அதற்குள் நரி குறுக்கே பாய்ந்தது. "அதெப்படி? நீ ஒரு கோடை பூரா செத்தியே! இவன் மட்டும் வந்ததும் பறப்பானா?"

முயலுக்குத் தான் பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று அழுதுகொண்டே சொன்னது மட்டும் வரவில்லை.

"புதுசா வந்தா மூட்டைதூக்கிதான்! ஒரே கொட்டை! போடு!"

கறுப்பு.

"செத்துட்டே! ஓரமா உட்காரு!"

ஆமை உட்காரவில்லை. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு குளத்துக்குத் திரும்பியது. நடந்ததைக் குளம் முழுக்கச் சொன்னது. அதன் பிறகு புதிதாக யாரும் மரத்தடிக்கு வரவில்லை. சிரிப்பதற்கு மூட்டைதூக்கி இல்லாத ஆட்டம் நரிக்கும் குரங்குக்கும் சலித்தது. அவையும் போய்விட்டன.

முயல் தனியாக எழுந்து நின்றது. "நான்தான் படைத்தலைவன்! ஓட மாட்டேன்!" என்று கத்தி நாலு கொட்டையையும் வீசியது. நாலும் வெள்ளை. எதிரி எங்கே நிற்கிறான் என்று கதை சொல்லத்தான் யாருமில்லை.

தான் பட்ட அவமானத்தைப் புதிதாக வருபவனுக்கும் பரிமாறுகிறவன், கடைசியில் தன் பந்தியில் தனியாகத்தான் உட்காருவான்.