தத்தக்கா பித்தக்கா

"அம்மா, நான் ஊருக்கே போயிடுறேன்" என்றார் நல்லபெருமாள்.

மடத்துக்கு வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயது, ஆறடி உயரம். கடவுள் அவருக்குக் கை கால்களை நீளமாகக் கொடுத்துவிட்டு, எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

குரு உமையம்மை அவரைவிடப் பத்து வயது சின்னவர். உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க வரணும்னு எத்தனை வருஷமா ஆசைப்பட்டீங்க?"

"பதினெட்டு வருஷம்."

"அப்புறம் என்ன?"

"நாளைக்குக் குருபூஜை. மடத்துக்குக் கடைசியா வந்தவர்தான் ஆத்துல இருந்து தண்ணிக்குடம் தலையில சுமந்து வரணுமாம். நாப்பது படி. காலையில தயிர்ப் பானையை வேற போட்டு உடைச்சேன். மடப்பள்ளி கோலப்பன் எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டாரு."

"என்ன வார்த்தை?"

பள்ளிக்கூட நாளிலிருந்து நல்லபெருமாளைத் துரத்தி வரும் வார்த்தை அது.

"தத்தக்கா பித்தக்கா."

உமையம்மை கத்தியை வைத்தார். "சொன்னப்ப அவர் கை எங்க இருந்தது?"

"கையா? நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். பாக்கலை."

"அதைப் பாக்காம அர்த்தம் எப்படித் தெரியும்? ஊருக்குள்ள போய்க் கேட்டுட்டு வாங்க. அப்புறம் மூட்டை கட்டலாம்."

போனார். தமிழ் வாத்தியார் வீட்டில் கேட்டார்.

"நிதானம் இல்லாத நடை. தடுமாற்றம்" என்றார் வாத்தியார். அவர் கை நாற்காலிப் பிடியில் இருந்தது.

சைக்கிள் கடைக்காரரைக் கேட்டார்.

"குடிச்சவன் நடப்பாம்லா, அதான்!" அவர் கையில் பஞ்சர் ஒட்டும் பசை.

இதில் என்ன இருக்கிறது என்று நல்லபெருமாளுக்கு எரிச்சல் வந்தது.

அடுத்த தெருவில் அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு குழந்தை சுவரை விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. அதன் அம்மா குந்தியிருந்தாள். மாமன் குந்தியிருந்தான். மீன்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் குந்தியிருந்தாள்.

"தத்தக்கா பித்தக்கா! தத்தக்கா பித்தக்கா!"

குழந்தை மூவரையும் விட்டுவிட்டு இவரைப் பார்த்துத் திரும்பியது. நல்லபெருமாள் கையிலிருந்த குடையைக் கீழே போட்டார். முழங்கால் சடக்கென்று ஒலிக்க உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார். அவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது.

குழந்தை அவர் மார்பில் வந்து விழுந்து, சட்டையில் தும்மியது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அர்த்தம் கிடைச்சுதா?" என்று மடத்துக்குத் திரும்பியவரிடம் கேட்டார் உமையம்மை.

"கிடைச்சுது. ஆனா அது குழந்தைக்கு, அம்மா. எனக்கு இல்ல."

"சரி. நாளைக்குக் குடத்தைச் சுமந்துட்டுப் போங்க."

மறுநாள் காலை. படிகளின் இருபுறமும் கூட்டம். பன்னிரண்டாவது படியில் நல்லபெருமாளின் வலது கால் இடது காலைத் தேடிக்கொண்டு போனது. குடம் ஆடியது. தண்ணீர் கண்ணில் இறங்கியது.

மேலேயிருந்து கோலப்பனின் குரல் வந்தது.

"ஓய்! தத்தக்கா பித்தக்கா!"

கூட்டம் சிரித்தது. குனிந்துகொள்ளத்தான் நினைத்தார். தலையில் குடம் இருந்தது. குனிய வழியில்லை.

நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு படி மேலே, அவரைப் பார்த்தபடி கோலப்பன் நின்றார். முழங்கை வரை கொழுக்கட்டை மாவு. இரண்டு கைகளும் அவரை நோக்கி நீண்டிருந்தன.

"என்ன வே சிரிப்பு?" என்று கூட்டத்தை அதட்டினார். "நீர் வாரும், வாரும்!"

நல்லபெருமாள் அடுத்த படியில் காலை வைத்தார்.

கோலப்பன் பின்னோக்கி ஒரு படி ஏறினார், கையை மடக்காமல்.