கோரை யாருடையது?

ஊர் மேய்ச்சல் நிலத்தில் பாதி, பெரிய நிலக்காரரான தெய்வசிகாமணிப் பண்ணாடியுடையது. ஆட்டுக்காரி பாவாயியின் வெள்ளாடுகள் அதில் கால் வைக்கக் கூடாதென்று அவர் வேலிப்படலைச் சாத்தினார். சாத்தின வருஷமே உள்ளே எங்கு பார்த்தாலும் கோரைக் களை. டிராக்டர் விட்டு உழுதார். கிழங்கு துண்டு துண்டாகி முன்னைவிட அடர்த்தியாக முளைத்தது. இதென்ன கூத்தென்று பண்ணாடிக்குப் புரியவேயில்லை. பழியை யார் தலையிலாவது கட்டவேண்டுமே! ஊர்க்கூட்டத்தில் எழுந்தார்.

"பாவாயி, இது உன்ற ஆட்டுப் புழுக்கையில வந்த கோரை. உன்னோட சொத்து. நீயே அடியோட அழிச்சிரோணும். இல்லீன்னா உன்ற பட்டி ஆடு பூராவும் எனக்கு!"

"என்னோடதுங்களா பண்ணாடி?"

"உன்னோடதேதான்!"

ஊரே தலையாட்டியது.

மறுநாள் காலையில் படலைத் திறந்துகொண்டு ஆடுகள் உள்ளே புகுந்தன. பண்ணாடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன புள்ள அக்கிரமம் இது?"

"என்ற கோரையை மேயுதுங்க. உழுதாப் பெருகுதுன்னு நீங்களே பாத்துட்டீங்க. தழைய உடாம கடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் கிழங்கு சோந்து போகும்."

"எத்தனை நாளைக்கு?"

"கோரை இருக்கற வரைக்குமுங்க."

"என்ற புல்லையும் சேத்துத் திங்குதே!"

"எது யாரோடதுன்னு நீங்களே ஆட்டுக்குச் சொல்லிக் குடுங்க."

பண்ணாடி ஓர் ஆட்டைப் புல்லிலிருந்து விரட்டினார்; இன்னொன்று அங்கே வந்து வாய் வைத்தது. "போதும்! கோரை என்னோடதேதான், போ!"

"அப்பச் சரிங்க" என்றாள் பாவாயி. ஆடுகளை வெளியே ஓட்டிவிட்டு, தன் களைக்கொத்தை அவர் கையில் கொடுத்தாள்.

பண்ணாடி கொத்தைப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற கோரையைப் பார்த்தார். பிறகு படலை அகலத் திறந்து வைத்து, ஆடுகளை அவரே குரல் கொடுத்துக் கூப்பிட்டார்.