பாம்புக்கடிப் பாடத்தில் நூறு

கோதண்டம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மலையடிவார ஆசிரமத்துக்குச் சீடராக வந்தவர். குரு மங்களாம்பிகை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். அதனால் என்ன, "அம்மா" என்று கூப்பிடும்போது கோதண்டத்தின் குரல் தானாகவே தணிந்துவிடும்.

ஆசிரமம் சுற்றுவட்டாரத்தில் முதலுதவி மையங்கள் நடத்துகிறது. போன மழைக்காலத்தில், பாம்பு கடித்த ஒரு சிறுமியின் காலை ஒரு தொண்டர் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ரத்த ஓட்டம் நின்றுபோன காலைத்தான் எடுக்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து கோதண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. தொண்டர்களுக்கு ஒழுங்காகப் பாடம் நடத்த ஒரு மென்பொருள் வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஒருநாள் காலை, அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மடிக்கணினியோடு வந்தார்.

"ரெண்டு கம்பெனி வந்திருக்காங்கம்மா. எதை எடுக்கறது? இன்னிக்கே பதில் சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க ஐயா?"

"முதல்ல வந்ததுதான். அடேயப்பா, என்ன வேகம்! போன்லயே படிச்சு, கேள்விக்குப் பதில் தட்டினா முடிஞ்சுது. யார் யார் பாஸ்னு நான் இங்கிருந்தே பார்த்துக்கலாம். பாம்புக்கடிப் பாடத்துல நான் நூத்துக்கு நூறு!"

"இன்னொண்ணு?"

"அது பிடிவாதக்காரக் கழுதை. பதில் எல்லாம் சரியா இருந்தாலும் பாஸ் போடாது. ஒருத்தர் பக்கத்துல நின்னு, நாம செஞ்சு காட்டறதைப் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் போடுமாம். நடக்கிற காரியமா?"

அடுத்த செடியிடம் போன அம்மா, "ஐயோ, பாம்பு!" என்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கோதண்டம் மடிக்கணினியைப் போட்டுவிட்டு ஓடினார். தோளில் கிடந்த துண்டை உருவி, கணுக்காலுக்கு மேலே சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"பயப்படாதீங்கம்மா, விஷம் ஏறாது! யாராவது வண்டியை எடுங்கப்பா!"

அம்மா நிதானமாக அவரைப் பார்த்தார்.

"பாம்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. கடிச்ச காலை என்ன செய்யணும்னு பாடத்துல இருந்தது?"

"அசையாம வச்சு, உடனே ஆஸ்பத்திரிக்கு... இறுக்கிக் கட்டவே..."

கோதண்டத்துக்கு அந்தச் சிறுமி நினைவுக்கு வந்தாள். அந்தத் தொண்டரைத் தாம் என்னவெல்லாம் ஏசினோம் என்பதும் நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது.

"நூறு போட்டுச்சேம்மா..." என்றார், தரையைப் பார்த்தபடி.

"போட்டுச்சு. இப்ப கட்டை அவிழுங்க ஐயா, கால் மரத்துப்போகுது."