ரோஜாவின் ஆள்

அன்று தோட்டத்தில் பாட்டு நாடகம் ஆட இருந்தவர்கள் ஏழு பேர். பிரான்சு தேசத்துப் பிரபு ரெனோ, அவர்தான் காதலன். கைம்பெண் ஒதீல், ரோஜா. பிரபுவின் தங்கைகள் இருவரும் நாணம், அச்சம். பாதிரியார், அறிவு, வந்ததும் தூங்கிவிட்டார். காரியஸ்தர் கொம்பார், பொறாமை. அவருக்கு வேஷம் தேவைப்படவில்லை. ஏழாவது ஆள் பெரோன், பிரபுவின் பாட்டை வாசிப்பவன்.

அந்தக் காலத்தில் அங்கே காதல் பாட்டு அப்படித்தான். குணங்களெல்லாம் ஆட்களாக வந்து ரோஜாவைச் சுற்றி நிற்கும். காதலன் உள்ளே புகவேண்டும். பிரபு தானே எழுதித் தானே நடிப்பார். "என் பாட்டில் ஒரு சொல் பொய்யில்லை" என்பார். பொய் என்று சொன்ன புலவர் ஒருவரை ஊரைவிட்டே துரத்தியிருந்தார்.

பாட்டின் நடுவே பிரபு சொன்னார்: "ஒதீல், நாளை உனக்கும் கொம்பாருக்கும் கல்யாணம்."

எஜமானிடம் பெற்ற நிலத்தை அனுபவிக்கும் கைம்பெண்ணை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பது அந்நாட்டில் அந்த எஜமானின் உரிமை. கொம்பாருக்கு அவள் நிலத்தின்மேல் கண்.

"பெரோன், அந்த மனிதரோடு என்னால் ஒரு நாள்கூட முடியாது" என்றாள் ஒதீல் மெதுவாக.

"பாட்டு முடியட்டும் அம்மா. பிரபு கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். விடாதீர்கள்."

பெரோன் கடைசிப் பகுதியை வாசித்தான். பிரபு மண்டியிட்டு, கூப்பிய கைகளை ரோஜாவின் கைகளுக்குள் வைத்தார்.

"இன்று முதல் நான் உங்கள் ஆள். என் உயிரும் நிலமும் உங்களுடையவை."

ஒதீல் இறுகப் பற்றினாள்.

"பிரமாதம்! கல்யாணப் பேச்சுக்கு வருவோமா?" என்றார் கொம்பார்.

"யாரிடம் பேசப்போகிறீர்கள்?" என்றான் பெரோன்.

"பிரபுவிடம்தான்."

"அவர் இப்போது அம்மாவின் ஆள், அம்மா அவருக்கு எஜமானி. நீங்கள் பிரபுவுக்கு ஆளானபோதும் இப்படித்தானே மண்டியிட்டுக் கை கொடுத்தீர்கள்? இனி அம்மாவின் கல்யாணத்தை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும்."

"அடேய், அது வெறும் பாட்டு!"

"பிரபுவே, பாட்டில் இருப்பது பொய் என்கிறார் காரியஸ்தர்."

"எவன் சொன்னது பொய் என்று?" பிரபுவின் முகம் சிவந்தது.

கொம்பார் வாசல் பக்கம் நகர்ந்தார்.

"இந்த வரன் வேண்டாம்" என்றாள் ஒதீல்.

பிரபு சற்று யோசித்தார். "அப்படியே ஆகட்டும். பெரோன், முட்டி வலிக்கிறது. எழுந்திருக்கலாமா?"

"என்னைக் கேட்கிறீர்களே. உங்கள் எஜமானியைக் கேளுங்கள்."

பிரபு மண்டியிட்டபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிப் பெரோனுக்குக் கொடுக்கப் பார்த்தார். கை இன்னும் ஒதீலின் பிடியில் இருந்தது. "நீயே கழற்றிக்கொள்ளடா!" என்றார்.

பொறாமை வாசலைத் தாண்டிப் போயிற்று. தோட்டத்தில் மிச்சம் ஆறு பேர்.