மூடாத கையில் ஒரு முட்டை

"எத்தனை நிமிஷம்?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

பிலோமினா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் நின்று கஞ்சி அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நாலு நிமிஷம் வச்சுப் பார்த்தேன். நாலேகால் வச்சேன். நாலரை வச்சேன். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

அவர் நோட்டை நீட்டினார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர். கட்டம் போட்டு, தேதி போட்டு, தண்ணீரின் அளவு போட்டு எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தில் பதினொரு நாளும் ஒரே சொல்தான் இருந்தது. பாதி.

"சைவக் கையெழுத்து, சார்," என்றாள் பிலோமினா. "அவ்வளவு சுத்தமா இருக்கு."

ஊரில் எல்லோருக்கும் அவர் சார். பிலோமினாவுக்கு அவர் வயதில் பாதி இருக்கும். ஆனாலும் அந்தச் சமையல்கட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்.

அதற்குக் காரணம் இருந்தது.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்குத் தொண்டையில் ஒரு அறுவை முடிந்திருந்தது. இன்னொன்று பாக்கி. உடம்பு நாற்பத்தொரு கிலோ ஆனால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வார்டிலிருந்து வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஒரு மாதம் தவணை. மெத்தென்று எது இறங்குமோ அதைக் கொடுங்கள், தினமும் முட்டை கொடுங்கள், அவித்த முட்டை விக்கும், உடைத்து ஊற்றி ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள் என்றார்.

இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து முட்டையைத் தொட்டதில்லை.

வார்டில் இருந்த பத்து நாளும் பிலோமினா செய்து அனுப்பினாள். ஆவுடையம்மாள் முழுசாகச் சாப்பிட்டாள். முப்பத்தொன்பது கிலோவில் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது முப்பத்தெட்டு.

"நீங்க வச்சிருக்க அதே பாத்திரம்தான் வாங்கினேன்," என்றார். "கீழே தண்ணி, மேலே தட்டு, தட்டுல நாலு குழி, கண்ணாடி மூடி. இட்லிச் சட்டிக்குத் தம்பி மாதிரி. அதே முட்டை. அதே தண்ணி. அங்க முழுசாச் சாப்பிட்டவ இங்க பாதி வைக்கா. அப்போ நேரத்துலதான் கோளாறு இருக்கணும். நீங்க எத்தனை நிமிஷம் வைப்பீங்க?"

பிலோமினா கரண்டியைத் தட்டி வைத்தாள்.

"மிச்சம் வச்சதைக் கொண்டு வாங்க, நாளைக்கு."

மறுநாள் கொண்டுவந்தார். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் மஞ்சள் பை.

பிலோமினா ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளே பாதி முட்டை. வெள்ளை, பஞ்சு மாதிரி. நடுவில் மஞ்சள், பதமாக.

எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கோமதிநாயகம் திடுக்கிட்டார். நோயாளியின் எச்சில் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்தினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "உப்பு ஒரு கல் கம்மி."

"பின்னே ஏன் சாப்பிட மாட்டேங்கா?"

"எங்க வச்சுச் செய்யுதீங்க?"

"பின்னாடி கொட்டகைல. தனி அடுப்பு வச்சிருக்கேன்."

"சாக்கு கீக்கு கட்டி மறைச்சிருக்கீங்களா?"

அவர் தயங்கினார். "வாடை வெளிய போகும்லா."

"உடைக்கது எப்படி?"

"பால் கவரைக் கையில மாட்டிக்கிடுவேன்."

பிலோமினா சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு என்னவோ போலிருந்தது.

"அம்மா எங்க வச்சுச் சாப்பிடுதாங்க?"

"அந்தக் கொட்டகைலதான்."

"அப்போ நீங்க?"

"வாசல்ல நிப்பேன். யாராவது வந்தா இருமுவேன். அவ தட்டைக் கூடைக்கடியில தள்ளி வச்சிருவா. நான் திருமுறைச் சபைக்குத் தலைவர். தினம் நாலு பேர் உடம்பு விசாரிக்க வருவாங்க. என்ன செய்ய?"

அண்டாவில் கஞ்சி கொதித்தது. பிலோமினா தீயைக் குறைத்தாள். முட்டை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

"கையை நீட்டுங்க."

அவர் கைக்குட்டையை எடுத்து விரித்தார்.

"கைக்குட்டையை இல்ல. கையை."

நீட்டினார். உள்ளங்கையில் முட்டையை வைத்தாள். அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"இதை வீட்டுக்குக் கொண்டு போங்க. பையில போடக்கூடாது. கையை மூடக்கூடாது. வீட்டுல இதைத்தான் வேகவைக்கணும்."

"பஸ்லயா?"

"பஸ்லதானே வந்தீங்க?"

"நிமிஷம்?"

"அதை நாளைக்குச் சொல்லுதேன்."

பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தார். கை மடியில் இருந்தது, முட்டை கையில் இருந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டு, "அதுக்கு அரை டிக்கெட் போட்டுரலாமா, சார்?" என்றார். கோமதிநாயகம் பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் வாசல் நிறுத்தத்தில் நெற்றி நிறைய நீறோடு ஒருவர் ஏறினார். சங்கரலிங்கம். சபையின் செயலாளர், எதிர்வீட்டுக்காரரும்கூட.

கை தானாக மூடிக்கொண்டது.

நொறுங்கும் சத்தம் அவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை இறங்கியது. வேட்டியில் சொட்டியது.

"என்ன சார், கையெல்லாம்?"

"தயிர் பாக்கெட் உடைஞ்சிட்டு."

சங்கரலிங்கம் மஞ்சளாய்ச் சொட்டிய தயிரைப் பார்த்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கோமதிநாயகம் இறங்கிவிட்டார்.

ஒரு தெருக்குழாயில் கை கழுவினார். இங்கிருந்து வீடு பத்து நிமிஷ நடை. ஆஸ்பத்திரி இரண்டு மைல். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு, என்று நினைத்தார். இன்னும் பத்தொன்பது நாள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி நடந்தார்.

சமையல்கட்டில் பிலோமினா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வேட்டியைப் பார்த்தாள்.

"எத்தனையாவது நிமிஷத்துல உடைஞ்சுது, சார்?"

"தயிருன்னு சொல்லிட்டேன்," என்றார் அவர்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள்.

"உடைஞ்சா திரும்ப வருவேன்," என்றார்.

"வாங்க. அட்டையில இருபத்தெட்டு இருக்கு."

இந்தத் தடவை பஸ்ஸில் அவர் உட்காரவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சுக்கு நேராக வைத்து நின்றே வந்தார். எழுந்து இடம் கொடுத்த பையனிடம் வேண்டாம் என்றார். கூடை வைத்திருந்த ஒரு அம்மா, "கோழி எங்கய்யா?" என்று கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். கை மூடவில்லை.

தெருவில் திரும்பினார். எதிர்வீட்டு வாசலில் சங்கரலிங்கம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னொரு தயிர் பாக்கெட்டா, சார்?"

கோமதிநாயகம் நடுத்தெருவில் நின்றார்.

"தயிர் இல்ல. முட்டை. காலைல உடைஞ்சதும் முட்டைதான்."

"யாருக்கு?"

"ஆவுடைக்கு."

கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல் அவருடையது. அதை அவர் குறைக்கவில்லை. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

சங்கரலிங்கம் சற்று நேரம் நெற்றியைத் தடவினார்.

"எத்தனை நாளா?"

"பன்னிரண்டு நாளா."

"சார் அத்தனை இருமும்போதே நினைச்சேன், இது நெஞ்சுச் சளி இல்லைன்னு." பிறகு குரலை இறக்கி, "மதினி இப்ப எத்தனை கிலோ இருக்காவ?" என்றார்.

"முப்பத்தெட்டு."

"உள்ள வந்து ஒரு எட்டுப் பார்க்கட்டுமா?"

"நாளைக்கு வாங்க. இப்ப அவ சாப்பிடணும்."

கொட்டகைக்குப் போகும் சந்து வழியாக அவர் போகவில்லை. முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்.

ஆவுடையம்மாள் கூடத்து நடுவில் நின்றாள். ஜன்னலுக்கும் அவளுக்கும் பத்தடி தூரம்தான். கேட்டிருக்கிறாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அறுவைக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை.

அவர் பின்பக்கம் போய்ப் பாத்திரத்தையும், நேரம் பார்க்கும் ஸ்டாப் வாட்ச்சையும் எடுத்துவந்தார். பாத்திரத்தைச் சமையலறை அடுப்பிலும் வாட்ச்சை மேடையிலும் வைத்தார்.

"இங்கேயா?" என்றாள்.

"இங்கதான்."

முட்டையைக் குழியின் விளிம்பில் தட்டினார். வெறும் கை. ஒரு துண்டு ஓடு உள்ளே விழுந்தது. விரலை விட்டு எடுத்தார். வழுக்கியது. திரும்பவும் விட்டு எடுத்தார். ஒரு கல் உப்பைக் கூடுதலாகப் போட்டு மூடினார்.

கண்ணாடி மூடியில் ஆவி பூத்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சத்தமா சொன்னீங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

"ஆமா."

"செல்லம்மா மதினி வீட்டு ஜன்னல்கூடத் திறந்துச்சு."

"திறக்கட்டும்."

மூடியை எடுத்தார். கரண்டியால் ஓரத்தை நெகிழ்த்தி, அவள் தினமும் சோறு உண்ணும் தட்டில் இறக்கினார். கொட்டகையில் முட்டைக்கென்றே வைத்திருந்த அலுமினியத் தட்டை அவர் தேடவில்லை. அவளை உட்காரவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அவள் ஒரு ஓரத்தைப் பிட்டாள். மென்றாள். மெல்ல விழுங்கினாள். தொண்டையில் தையல் போட்ட இடம் ஏறி இறங்கியது. பன்னிரண்டு நாளில் அதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அவருக்குத் தொண்டை கமறியது. இருமிவிட்டார்.

ஆவுடையம்மாளின் கை சட்டென்று நின்றது. மறு கை தட்டின் விளிம்பைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோயிற்று. கண்கள் வாசலுக்குப் போயின.

கோமதிநாயகம் அந்தக் கையைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

பிறகு எட்டி, தட்டைப் பிடித்து, மெல்ல முன்னால் இழுத்து வைத்தார்.

"வெறும் இருமல்தான்," என்றார். "சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். அவசரமில்லாமல், வழியில் ஒருமுறை தண்ணீர் குடித்து, வெள்ளையையும் மஞ்சளையும் சாப்பிட்டாள். கடைசியில் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தாள்.

"எத்தனை நிமிஷம் வச்சீங்க?"

"ஏன்?"

தட்டை நீட்டினாள்.

"அதே மாதிரி இன்னொண்ணு வைங்க."

அவர் நோட்டைப் பிரித்தார். பேனா மூடியைத் திறந்தார். அடுப்பு மேடையில் இருந்த ஸ்டாப் வாட்ச்சைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

முள் பூஜ்யத்தில் நின்றது. அவர் அதை அமுக்கவே இல்லை.