அடிப்பலகை இல்லாத வண்டி

முன்னொரு காலத்தில், தன் பட்டுச் சட்டையில் சேறு பட்டதற்காகச் சட்டம் போட்ட ராஜா ஒருவர் இருந்தார்.

கடைவீதியில் பல்லக்கில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாட்டுவண்டி பறந்து வந்து சேற்றை வாரி அடித்துவிட்டது. ராஜாவுக்கு மீசைவரை சேறு. அன்றைக்கே தண்டோரா போட்டார்கள். இனி ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் ஒரு பானை மோரைக் கழுத்துவரை நிரப்பித் தொங்கவிட வேண்டும். ஒரு சொட்டுச் சிந்தினாலும் வண்டி வேகமாகப் போனதாகத்தான் அர்த்தம். காவலன் உடனே மாட்டுக் கொம்பில் குற்ற ஓலை கட்டிவிடுவான்.

முதல் ஓலைக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தை முனையில் நின்று மாட்டு மணியை ஆட்ட வேண்டும். இரண்டாவது ஓலைக்கு மாடுகள் பத்து நாள் அரண்மனைத் தொழுவத்தில். மூன்றாவது ஓலை விழுந்தால் ஆறு மாதம் எந்த வண்டியிலும் ஏறக்கூடாது.

அரசவை விகடகவி பிச்சாண்டிக்கு ஒரே மாதத்தில் மூன்று ஓலையும் விழுந்துவிட்டது. மூன்றுமே தளவாய் அனந்தப்பரின் மாளிகை வாசலில். ராஜா தன் பேச்சைவிடப் பிச்சாண்டியின் பேச்சுக்கு அதிகம் சிரிக்கிறார் என்று தளவாய்க்கு நெடுநாள் எரிச்சல். காவலனைத் தன் வாசலிலேயே நிறுத்தி வைத்தவரும் அவர்தான்.

மூன்றாவது ஓலை சபைக்கு வந்ததும் தளவாய் எழுந்தார். "மகாராஜா, சபையில இருக்கிறவங்க வண்டியிலதான் வரணும், நடந்து வந்தா இருக்கை போயிடும். இது உங்க பாட்டனார் காலத்து விதி. பிச்சாண்டியோ வண்டி ஏறக்கூடாது. அப்போ நாளையிலேர்ந்து…" என்று இழுத்தார்.

ராஜாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் தான் போட்ட சட்டமாயிற்றே. "நாளைக்குக் காலையில வண்டியில வரணும், வண்டியில ஏறவும் கூடாது. முடிஞ்சா வாரும். இல்லேன்னா உம்ம இருக்கையை வேற ஒருத்தருக்குக் குடுக்க வேண்டியதுதான்" என்றார்.

பிச்சாண்டி வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் மனைவி செங்கமலம் தலையில் கை வைத்தாள். "இருக்கை போனா இந்த வீடும் போயிடுமே! அரண்மனை குடுத்த வீடாச்சே. ஏன்யா அப்படி ஓட்டித் தொலைச்சே?"

"நான் எங்கேடி ஓட்டினேன்? மாடு தூங்கிக்கிட்டே நடந்துச்சு. என்னை முந்திக்கிட்டு ஒரு நத்தை போச்சு."

"இந்த வாயை ஓலை எழுதறவன்கிட்டக் காட்டியிருக்கலாம்ல!"

பிச்சாண்டி உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தான்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் ஒரே சிரிப்பு. பிச்சாண்டியின் வண்டி வந்துகொண்டிருந்தது. கூண்டு இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, மாடு இருக்கிறது, பின்னால் மோர்ப்பானையும் ஆடுகிறது. அடிப்பலகையை மட்டும் காணோம். கூண்டுக்குள்ளே பிச்சாண்டி கயிற்றைப் பிடித்தபடி தரையில் நடந்து வருகிறான்! கீழே பார்த்தால் முன்னால் எட்டு மாட்டுக்கால், அவற்றுக்குப் பின்னால் இரண்டு மனுஷக்கால்.

"மகாராஜா, வண்டியிலதான் வந்தேன். ஏறலை" என்று கும்பிட்டான்.

தளவாய் குதித்தார். "இது ஏமாத்து வேலை! இந்தப் பாருங்க, இவன் மாட்டுக் கொம்புல இன்னிக்கும் ஒரு ஓலை தொங்குது!"

சபை திகைத்தது. உண்மைதான். நாலாவது ஓலை.

"நடந்து வந்தவனுக்கு வேகக் குற்றமா?" என்றார் ராஜா.

"எனக்கும் அதுதான் புரியலை. மகாராஜாவே ஒரு தடவை உள்ளே நின்னு தளவாய் வீடு வரைக்கும் நடந்து பாருங்களேன். காத்தோட்டமா இருக்கு" என்றான் பிச்சாண்டி.

ராஜாவுக்கு விளையாட்டென்றால் உயிர். கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தார். பானையில் மோரை நிரப்பினார்கள். ஆமை மாதிரி நடந்தார் ராஜா. ஊரே பின்னால் வந்தது.

தளவாய் மாளிகை வாசலில் சக்கரம் 'தொபுக்' என்று இறங்கியது. மோர் சளக்கென்று சிந்தியது. தலையை நிமிர்த்தாமலே காவலன் முத்தையன் ஓலையைக் கொம்பில் கட்டினான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ம… மகாராஜா! சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுன்னு நீங்கதானே…"

"பயப்படாதேய்யா. தினமும் இங்கே எத்தனை பேருக்குக் கட்டுவே?"

"வர்ற வண்டி அத்தனைக்கும் மகாராஜா. ஓலை வெட்டி வெட்டி நம்ம ஊருப் பனைமரமெல்லாம் மொட்டையா நிக்குது."

ராஜா குனிந்து பார்த்தார். பல்லக்கிலேயே போய்வந்த மனிதருக்கு அன்றுதான் தெரு கண்ணில் பட்டது. முழங்கால் ஆழத்துக்குக் குழி. ஊர்த் தெருக்களைச் செப்பனிடும் பொறுப்பு தளவாயிடம்தான் என்பது ஊருக்கே தெரியும். தளவாய் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் ராஜாவின் வயிறுதான் குலுங்கியது. பிறகு அடக்க முடியாமல் கூண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மணிக்கணக்கா யோசிச்சுச் சட்டம் போட்டேன், பிச்சாண்டி. குழியைப் பார்க்காம விட்டுட்டேனே!"

அந்த வாசலில் விழுந்த ஓலைகள் அத்தனையும் அங்கேயே கிழிக்கப்பட்டன. தொழுவத்தில் கட்டிப்போட்ட மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். பிச்சாண்டிக்கு அவன் இருக்கையோடு ஒரு ஜோடி காளையும் கிடைத்தது. குழியை மூடி முடிக்கும்வரை தளவாய் சபைக்கு அந்த அடிப்பலகை இல்லாத வண்டியில்தான் வர வேண்டும் என்று தீர்ப்பானது.

"நாளைக்குச் சீக்கிரமா கிளம்புங்க தளவாயாரே," என்றான் பிச்சாண்டி, "ஆனா மெதுவா நடங்க. முத்தையன் ரொம்ப நேர்மையான ஆள்."

ராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். தான் நடந்து வந்தபோது மாட்டுக் கொம்பில் கட்டப்பட்ட ஓலையை மட்டும் கிழிக்க விடவில்லை. "இது நான் சம்பாதிச்சது" என்று மடியில் செருகிக்கொண்டு, சந்தை முனையில் மணி ஆட்டச் சந்தோஷமாகக் கிளம்பிவிட்டார்.