ஏழு கோட்டைகளைக் கொளுத்தியவர்

மாறங்கோட்டை அரண்மனையில் ஒரு வைக்கோல்போர் தீப்பிடித்தது. யார் வைத்த தீ என்று தெரியவில்லை. மன்னர் குலவர்மருக்குக் கிலி பிடித்துக்கொண்டது. உடனே புதுச் சட்டம் போட்டார்.

"கோட்டையைக் கொளுத்துவதாக எவன் பேசினாலும், எவன் கொளுத்தியதாகப் பேச்சு வந்தாலும், சிறை! விசாரணை கிடையாது. பிடிபட்டவன் வாயே திறக்கக் கூடாது."

முதலில் அகப்பட்டவன் கூத்தாடி பொன்னுரங்கன். அசுர வேஷம் கட்டி, "இந்தக் கோட்டையைக் கொளுத்திச் சாம்பலாக்குவேன்!" என்று கூத்தில் முழங்கினான், பாவம். சேனாதிபதி இடும்பனார் கிரீடத்தைக்கூடக் கழற்றவிடாமல் இழுத்துப் போனார். இப்படியும் ஒரு மேதாவி!

பொன்னுரங்கன் மனைவி செல்லாயி, அரசவை விகடர் சாத்தனாரிடம் ஓடி வந்தாள்.

"ஐயா, அவரு அடுப்புப் பத்தவைக்கவே பயப்படுவாரு. அவரு சொல்றதை ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க!"

"அழாதே அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் சாத்தனார்.

மறுநாள் சபை கூடியது. வழக்கம்போலக் கட்டியக்காரன் முழங்கினான்: "ஏழு கோட்டைகளைக் கொளுத்திய மாவீரர் குலவர்ம மகாராஜா வருகிறார், பராக்! பராக்!"

சாத்தனார் துள்ளி எழுந்தார்.

"சேனாதிபதியாரே, காதில் விழுந்ததா? ஏழு கோட்டை! சங்கிலி எங்கே?"

இடும்பனார் தயங்கினார். ஆனாலும் சட்டம் சட்டமாயிற்றே! சங்கிலியை எடுத்துக்கொண்டு சிம்மாசனத்தின் பக்கம் நகர்ந்தார்.

"என்ன கூத்து இது?" என்று சீறினார் மன்னர். "என்னை ஒரு வார்த்தை கேட்காமலா பிடிப்பது?"

"கேட்கக் கூடாது அரசே. தாங்கள் வாயும் திறக்கக் கூடாது. தாங்கள் போட்ட சட்டம்தான்" என்றார் சாத்தனார்.

"அட, அது வெறும் கட்டியமய்யா! ஒரு பெருமைக்குச் சொல்வது!"

"சரி, மன்னராயிற்றே என்று ஒரே ஒரு தடவை கேட்கிறேன். எத்தனை கோட்டை கொளுத்தினீர்கள்?"

மன்னர் சுற்றிலும் பார்த்தார். சிற்றரசர்கள் இருந்தார்கள். அயல்நாட்டுத் தூதர்கள் இருந்தார்கள். சங்கிலியும் கிட்டே வந்துவிட்டது.

"ஒன்றுகூட இல்லை" என்று முனகினார்.

திரைக்குப் பின்னால் அரசிதான் முதலில் சிரித்தார். பிறகு சபையே சிரித்தது. கடைசியில் மன்னரும் அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

சாத்தனார் கைகூப்பினார்.

"பார்த்தீர்களா அரசே? வாய் திறக்க விட்டதும் ஏழு குற்றமும் போய்விட்டது. பொன்னுரங்கன் மேல் இருப்பது ஒன்றே ஒன்றுதான்!"

அன்றே பொன்னுரங்கன் வீடு திரும்பினான். விசாரிக்காமல் எவரையும் அடைக்கக் கூடாது என்று சட்டமும் மாறியது. சாத்தனாருக்கு முத்துமாலை கிடைத்தது. சங்கிலியை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் இடும்பனார்தான் விழித்துக்கொண்டிருந்தார்.